லயத்திலிருந்து சைட்டுக்கு: வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பொறியியலாளருக்கு

லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, பொறியியல் பட்டமோ டிப்ளோமாவோ முடித்து, கட்டார், சவூதி, டுபாய், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த அத்தியாயம். சாரதி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் வழி வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

கொழும்பில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தப் பயணம் வேலை கிடைத்த நாளில் தொடங்கும். நமக்குப் பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. நம் பிள்ளைகளில் திறமை போதாமல் திரும்பியவர்களைவிடக் காகிதம் பொருந்தாமல் நின்றவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் காகிதம்தான். சலிக்காமல் வாசியுங்கள்.

வளைகுடாவின் கட்டுமான இடங்களில் உங்களுக்குப் பக்கத்து மேசையில் பெரும்பாலும் ஒரு பிலிப்பைன்ஸ் பொறியியலாளர் இருப்பார். அவருடைய நாட்டில் பொறியியலாளராக வேலை செய்யவே அரச ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி உரிமம் எடுக்க வேண்டும். வெளிநாடு போகும் முன் கட்டாய வழிகாட்டல் வகுப்பில் உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறார் என்ற அரச சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. புலம்பெயர் தொழிலாளருக்கென்றே தனி அமைச்சு அமைக்க 2021இல் அங்கே சட்டம் வந்தது. அவர் மேசை இழுப்பறையில் எல்லாச் சான்றிதழ்களும் வரிசையாக அடுக்கிய ஒரு கோப்பு இருக்கும். படி 9இல் வரும் பதிவு நமக்கும் கட்டாயம்தான், ஆனால் கோப்பை முழுதாக அடுக்கும்படி நம்மை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் கோப்பை நாமேதான் தயாரிக்க வேண்டும்.

தொடங்குமுன் மூன்று தடைகள்

• விசா கையில் வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். மின்னஞ்சலில் வரும் வேலைக் கடிதம் விசா ஆகாது.

• அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள். அப்பாவின் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் தொடாதீர்கள். முப்பது வருடம் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் போய்ச் சேர்த்த காசு அது. பொறியியலாளருக்கு வேலை கொடுக்கும் ஒழுங்கான கொம்பனி இலட்சக்கணக்கில் கேட்காது.

• சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். காரணம் படி 3இல் வருகிறது.

படி 1: பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆறு வரி எழுதுங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரம், உயர் தரம், பட்டம் அல்லது டிப்ளோமா, கடவுச்சீட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் உள்ள உங்கள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது.

நம் பக்கத்தில் இந்தத் தாள் ஒரே சீராக வருவது அபூர்வம். தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் ‘முருகையா’, அடையாள அட்டையில் ‘முருகய்யா’, பட்டச் சான்றிதழில் வெறும் ‘மு.’ என்றிருக்கும். பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தைப் போட்டார், பல்கலைக்கழகத்தில் படிவத்தின் கட்டத்துக்குள் பெயர் அடங்கவில்லை. ஊருக்குள் இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சவூதியிலோ கட்டாரிலோ உங்கள் கோப்பைச் சரிபார்க்கும் ஆளுக்கு முருகையாவும் முருகய்யாவும் இரண்டு பேர்.

திருத்தும் ஒழுங்கு இது:

1. தமிழிலேயே பெயர் மாறியிருந்தால் (தகப்பன் பெயர் வேறு, பிறந்த திகதி வேறு) பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

2. தமிழில் சரியாக இருந்து ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் மாறியிருந்தால் வேலை சுலபம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து இருக்காது. சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கும்போதுதான் ஆங்கில எழுத்துக்கூட்டல் பிறக்கிறது. எனவே பட்டச் சான்றிதழின் பிரதியையும் அவரிடம் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதை நடுக்கம்பாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருப்புவதே புத்தி.

3. பட்டத்தில் முதலெழுத்து மட்டும் இருந்தால், முழுப் பெயரோடு உறுதிக் கடிதம் ஒன்றைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்து வாங்குங்கள்.

4. எதையும் திருத்த முடியாத இடத்தில் மட்டும் ‘இருவரும் ஒரே ஆள்’ என்ற சத்தியக் கடதாசி. உள்நாட்டில் இது போதும். வெளிநாட்டில் ஏற்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

*குறிப்பு:* நுவரெலியாப் பிரதேச செயலகப் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. படிவம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், அடுத்த முறை எப்போது வரும் என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

*இன்னொன்று:* தாத்தாவோ பாட்டியோ அப்பாவோ வாங்கிய பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் கிடக்கலாம். 1964 ஒப்பந்தத்தின் கீழ் வந்ததாக இருக்கலாம். 1988 சட்டத்தின் கீழ் வந்ததாகவும் இருக்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பலருக்கு அதன் தேவை குறைந்துவிட்டது. என்றாலும் தூக்கி எறியாதீர்கள். வயதான ஓர் அதிகாரி எங்காவது ஒரு மேசையில் அதைக் கேட்கக்கூடும். ஒரு படம் எடுத்துத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். மண் சரிந்தால் முதலில் போவது பெட்டிதான். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படி 2: கடவுச்சீட்டு

பெயர் ஒழுங்கான பிறகே விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டு எடுத்து, பிறகு பெயர் மாற்றக் காசும் நாளும் செலவழிப்பது வழக்கமான தவறு. படத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் மட்டும் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ரசீது தருவார்கள். பத்தரமுல்லைத் தலைமையகம் தூரம் என்றால் கண்டிக் கிளை அலுவலகம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்துத் தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் முறையும் 2023இலிருந்து உண்டு. எந்தச் செயலகம் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முகவரியில் கவனம். ‘மேல் பிரிவு, இன்ன தோட்டம், லிந்துலை’ என்று நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, யாராவது எடுத்துக்கொண்டு போனால்தான் காம்பராவுக்கு வரும். கூரியர்காரர் மலை ஏறமாட்டார். சட்டபூர்வ முகவரியை மாற்றத் தேவையில்லை. தபால் பெறும் முகவரியாக லிந்துலை அல்லது தலவாக்கலை டவுனில் நம்பிக்கையான ஒரு கடையையோ உறவினர் வீட்டையோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: பட்டமும் டிப்ளோமாவும்

முதலில் லெமினேட் விடயம். மூடுபனியும் ஈரமும் சேர்ந்து லயத்துச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், காகிதமும் தப்பாது. அதனால் பிள்ளையின் சான்றிதழ் வந்த கையோடு பெற்றோர் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் ஒட்டிவிடுகிறார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் அமைச்சும் தூதரகமும் அதன்மேல் முத்திரை குத்த முடியாது. பிளாஸ்டிக்கைப் பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால் பிய்க்க முயலாமல் பரீட்சைத் திணைக்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ புதிய பிரதி கேளுங்கள். இனிமேல் தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்து, மூடி இறுகும் டப்பாவுக்குள் ஈரமுறிஞ்சும் சிறு பைகளோடு போட்டு வைத்தால் போதும்.

அடுத்தது, உங்கள் தகுதியை வெளிநாடு எப்படிப் பார்க்கும் என்பது.

*நான்கு வருடப் பொறியியல் பட்டம்:* இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அந்த நிறுவனம் அங்கீகரித்த பட்டத்தை உடன்படிக்கை நாடுகள் தமது பட்டத்துக்குச் சமமாகப் பார்க்கின்றன. பேராதனையா மொறட்டுவையா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் துறையும் நீங்கள் வெளியேறிய ஆண்டும் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். நிறுவனத்தில் இணை உறுப்பினராவது ஆகிவிடுங்கள். உறுப்புரிமைச் சான்றிதழ் ஒன்று கோப்பில் இருந்தால் பல கேள்விகள் எழாமலே போகும்.

*டிப்ளோமாவும் என்.வி.கியூ. தகுதியும்:* ‘இன்ஜினியர்’ என்ற பதவிப் பெயரில் விசா எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சவூதியில் பொறியியல் தொழிலில் இருப்பவர் சவூதிப் பொறியியலாளர் பேரவையில் பதிய வேண்டும். சான்றிதழைத் தந்த நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். பதவிப் பெயரும் தகுதியும் பொருந்தாவிட்டால் வதிவிட அனுமதியே சிக்கலாகும். டெக்னிசியன், தரக்கட்டுப்பாட்டுப் பரிசோதகர், சைட் சுப்பவைசர் என்ற பெயர்களில் நல்ல சம்பளத்தோடு வேலை இருக்கிறது. பெயருக்கு ஆசைப்பட்டுச் சம்பளத்தைத் தொலைக்க வேண்டாம்.

*கொழும்புத் தனியார் கல்லூரி மூலம் எடுத்த பிரித்தானியப் பட்டம்:* படித்தது கொழும்பில், பட்டம் தந்தது பிரித்தானியா. வளைகுடா நாடுகள் பட்டம் வழங்கிய நாட்டின் சான்றுறுதியையே கேட்கும். அதாவது காகிதம் லண்டன் போய்வர வேண்டும். இதற்குக் காலமும் பணமும் தனியாக ஒதுக்குங்கள்.

கட்டாரில் பொறியியலாளராகப் பதிவு பெற, ‘யூ.பி.டி.ஏ.’ என்று அங்கே எல்லோரும் சொல்லும் பரீட்சை ஒன்று உண்டு. குவைத்திலும் பொறியியலாளர் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். கொம்பனியிடம் முதல் நேர்முகத்திலேயே கேளுங்கள்: பதிவுச் செலவு யாருடையது? தேறாவிட்டால் என்ன ஆகும்?

படி 4: அனுபவக் கடிதம்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத காகிதம் இதுதான். ‘இவர் எம்மிடம் வேலை செய்தார், நல்லவர்’ என்ற இரண்டு வரிக் கடிதத்தால் பயன் இல்லை. கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: கொம்பனியின் தலைப்புத் தாள், உங்கள் முழுப் பெயர், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, செய்த வேலையின் விபரம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், கொம்பனிப் பெயரிலான மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம். சரிபார்ப்பவர்கள் அந்த மின்னஞ்சலுக்கு எழுதுவார்கள். பதில் வராவிட்டால் கடிதம் இல்லாததற்குச் சமம். ஆகவே விலகும் நாளில் மனிதவளப் பிரிவில் சொல்லிவிட்டு வாருங்கள்.

சப்-கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவர்கள் கவனம். கடிதம் பெரிய கொம்பனியின் பெயரில் இருக்கும். சேமலாப நிதி இன்னொருவர் பெயரில் கட்டியிருப்பார்கள், அல்லது கட்டியே இருக்கமாட்டார்கள். சேமலாப நிதிக் கூற்றை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள முதலாளியின் பெயரிலேயே கடிதம் வாங்குங்கள். திட்டத்தின் பெயரைக் கடிதத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். மேல் கொத்மலை போன்ற 150 மெகாவாட் நீர்மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை செய்திருந்தால் அந்தப் பெயரும் மெகாவாட்டும் கட்டாயம் வர வேண்டும். திட்டத்தின் பெயர் தெரியாதவருக்கும் அந்த எண் விளங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நம் ஊர் இயந்திரப் பொறியியலாளர் பலரின் முதல் வேலை அதுதான். விபரக்கோவையில் ‘தேயிலைத் தொழிற்சாலைப் பராமரிப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அனுபவம் போதவில்லை என்று கவலைப்படுகிறார்கள். டுபாயில் ஆள் எடுப்பவருக்கு ரோலர் என்றால் தார் உருட்டும் வண்டிதான் ஞாபகம் வரும். நீங்கள் செய்ததை அவருடைய பாஷையில் எழுதுங்கள். வாட்டும் தொட்டிகளின் விசிறியைப் பார்த்தீர்களா? அது காற்றோட்ட விசிறிப் பராமரிப்பு. விசிறியின் விட்டம், மோட்டரின் கிலோவாட், எத்தனை என்று எழுதுங்கள். டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கும் விறகு அடுப்பைக் கவனித்தீர்களா? அது எரிப்பும் வெப்பப் பரிமாற்றியும். ரோலரின் கியர்ப் பெட்டி, மின்தடை நேரத்து ஜெனரேட்டர் மாற்றம், சீசனில் இரவு ஷிப்டில் நின்றுபோன இயந்திரத்தைக் காலைக் கொழுந்து வருமுன் ஓடவைத்தது, எல்லாமே அனுபவம். பெயரைத்தான் மாற்ற வேண்டும். பொய் சேர்க்கத் தேவையே இல்லை.

படி 5: வேலை தேடலும் முகவரும்

கொம்பனியின் இணையத்தளத்தில் நேரே விண்ணப்பிப்பதே முதல் வழி. முகவர் மூலம் போவதாக இருந்தால் இந்த வரிசையில் சரிபாருங்கள்:

1. முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற இலக்கத்திலோ அது இன்றும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதியின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம்.

2. அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். நிலையத்துக்கு அனுமதி இருப்பது வேறு, அந்த வேலைக்கு அனுமதி இருப்பது வேறு.

3. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள ‘சப்-ஏஜன்ட்’ கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர், தலைவரின் மச்சான், யாராக இருந்தாலும் சரி. பணம் கொடுக்க வேண்டியிருந்தால் நிலையத்துக்கே போய், ரசீதோடு கொடுங்கள்.

4. வேலை தரும் கொம்பனியின் இணையத்தளத்தை நீங்களே தேடி, அதிலுள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்தால் மோசடிக்காரரே பதில் சொல்வார்.

விட்டு விலக வேண்டிய அறிகுறிகள்: ‘இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்.’ ‘நேர்முகம் தேவையில்லை.’ ‘நாளைக்குள் காசு கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.’ தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள் ‘தாய்லாந்தில் கணினி வேலை, பெரிய சம்பளம்’ என்ற விளம்பரங்களுக்கு விசேடமாக அஞ்ச வேண்டும். அப்படிப் போன இலங்கையர் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, அரசாங்கம் பேசி மீட்க வேண்டியதாயிற்று. கணினி தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடினார்கள்.

*சிங்கப்பூர்:* அங்கே முகவர் ஒருவர் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் உங்களிடம் வாங்கலாம். பட்டதாரிகளுக்கான எம்ப்ளோய்மன்ட் பாஸுக்கு 2023 செப்டெம்பரிலிருந்து சம்பளம், தகுதி முதலியவற்றுக்குப் புள்ளி போடுகிறார்கள். பட்டத்துக்குப் புள்ளி கேட்டால் அதைச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிப்பது கொம்பனியின் வேலை. உங்களை நேரே விண்ணப்பிக்கச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

படி 6: ஒப்பந்தத்தை வாசிப்பது

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை அதன்மேல்தான் கணக்காகும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், கட்டாரில் குறைந்தது மூன்று வாரம். பத்தாயிரத்தில் நாலாயிரம் மட்டும் அடிப்படை என்றால், பணிக்கொடை நாலாயிரத்துக்குத்தான்.

பிறகு இவற்றைத் தேடுங்கள்: விசாவில் எழுதப்போகும் பதவிப் பெயர், தங்குமிடம் அல்லது அதற்கான படி, போக்குவரத்து, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, வேலை நேரம், மேலதிக நேரம் (பொறியியலாளருக்கு இல்லை என்று எழுதியிருப்பார்கள்), வருடாந்த விமானச் சீட்டு, தகுதிகாண் காலத்தில் விலகினால் யார் என்ன கட்ட வேண்டும் என்பது. வாயால் சொன்ன எதுவும் எழுத்தில் இல்லாவிட்டால் சொல்லப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டுவது பழைய தந்திரம். கையெழுத்திட்ட பிரதியின் படத்தை வீட்டிலுள்ள ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். கட்டார் போகிறவர்களுக்குக் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவமும் கைரேகையும் ஒப்பந்தக் கையெழுத்தும் ஒரே இடத்தில் நடக்கும். அங்கே திரையில் வரும் ஒப்பந்தத்தைக் கொம்பனி முதலில் அனுப்பிய கடிதத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சம்பளம் குறைந்திருந்தால் அங்கேயே கையெழுத்திட மறுக்கலாம். பின்னால் நிற்கும் வரிசைக்காக வெட்கப்பட வேண்டாம்.

படி 7: முத்திரைகளின் வரிசை

இந்த வரிசை மாறினால் கொழும்புக்கு இன்னொரு தடவை போக வேண்டும்:

1. சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் உறுதி (பல்கலைக்கழகம், பரீட்சைத் திணைக்களம்).
2. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியுலர் பிரிவு. பத்தரமுல்லையில் இருக்கிறது, கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. லிந்துலையிலிருந்து கண்டி காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்.
3. போகும் நாட்டின் கொழும்புத் தூதரகம்.
4. அந்த நாட்டு வெளிநாட்டமைச்சு. இதைப் பெரும்பாலும் அங்கே போனபின் கொம்பனியே செய்யும்.

பிறப்புச் சான்றிதழும், திருமணமானவர் என்றால் திருமணச் சான்றிதழும் இதே பயணத்தில் முத்திரை வாங்கட்டும். பின்னால் குடும்பத்தைக் கூப்பிடும்போது உதவும்.

படி 8: மருத்துவமும் பொலிஸ் அறிக்கையும்

வளைகுடா மருத்துவப் பரிசோதனைக்கு அங்கீகரித்த நிலையங்கள் மட்டுமே. சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வாஃபித் இணையத்தில் பதிய வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். சிறு வயதில் காசநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் காசு செலவழிக்கத் தொடங்குமுன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பொலிஸ் அறிக்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பொலிசார் உங்கள் முகவரியில் விசாரிப்பார்கள். வீட்டில் ஆளில்லாவிட்டால் நாள் இழுபடும், சொல்லி வையுங்கள். மருத்துவத்துக்கும் இந்த அறிக்கைக்கும் காலாவதி உண்டு. ஆகவே இரண்டையும் கடைசியில் எடுங்கள்.

படி 9: பணியகப் பதிவு

‘நான் பட்டதாரி, எனக்கு எதற்குப் பீரோ?’ என்று பொறியியலாளர்கள் கேட்பதுண்டு. வேலைக்குப் போகும் இலங்கையர் எல்லோரும் புறப்படுமுன் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்த முயற்சியில் வேலை தேடியவர் சுயமாகவே பதியலாம். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் வேண்டும். பதிவோடு காப்புறுதியும் வருகிறது. பதிவு இரண்டு வருடத்துக்கு. விடுமுறையில் வரும்போது புதுப்பிக்கவும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பணியகத்துக்கென்று ஒரு கருமபீடம் இருக்கிறது. பதிவில்லாமல் அங்கே போய் நின்று விமானத்தைத் தவறவிட வேண்டாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். செலவில்லாத ஆலோசனை அது ஒன்றுதான்.

வீட்டு ஏற்பாடு

சம்பளம் அனுப்ப உங்கள் பெயரில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்து வையுங்கள். பெற்றோருக்கு மாதாமாதம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் இரண்டு மாதம் தாமதமாகலாம், அதையும் சொல்லுங்கள். காணி, வீடு, வங்கி விடயம் ஏதாவது இருந்தால் நொத்தாரிசிடம் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டுமான அற்றோணித் தத்துவம் எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பத்திரம் அண்ணனுக்குக்கூட வேண்டாம். சைட்டில் வண்டி ஓட்ட வேண்டி வரும். இங்கேயே லைசன்ஸ் எடுத்துவிடுவது நல்லது.

பெட்டிக்குள்

அம்மா கட்டித் தரும் கறித்தூளில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். வளைகுடா நாடுகளில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். அம்மாவிடம் விளக்குவது சிரமம்தான், ஆனாலும் அந்தப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடோல் மாத்திரையும் வேண்டாம். வேறு மருந்துகளுக்கு வைத்தியரின் ஆங்கிலச் சீட்டும் மூலப் பெட்டியும் வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு வெற்றிலை கொண்டுபோகக் கூடாது. யாருடைய பொட்டலத்தையும் ‘அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடு’ என்று வாங்காதீர்கள். தேயிலை தாராளமாகக் கொண்டுபோகலாம்.

மூலச் சான்றிதழ்கள் கைப்பையில். பெரிய பெட்டியில் ஒருபோதும் இல்லை.

பயணமும் முதல் வாரமும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வீதி மண் சரிந்து மூடுவதுண்டு. ரயிலையும் நம்ப முடியாது. விமானத்துக்கு முதல்நாளே கீழே இறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்குங்கள்.

வெயில் உங்களை முதல் வாரத்தில் அடிக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே மூடுபனியில் வளர்ந்த உடம்பு அது. 45 பாகையில் ஊர்ப் பழக்கத்தில் தாகம் எடுத்தபின் தண்ணீர் குடிப்பது போதாது. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 வரை. பொறியியலாளர் என்ற முறையில் இந்த நேரங்களை உங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்கும் நீங்களே காக்க வேண்டும். தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், குழப்பப் பேச்சு கண்டால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்து, அம்புலன்ஸை அழையுங்கள்.

கடவுச்சீட்டை ‘பத்திரமாக வைக்கிறோம்’ என்று கொம்பனி கேட்கும். வதிவிட அனுமதி போட நாலைந்து நாள் கொடுப்பது வழமை. எழுத்தில் ரசீது வாங்குங்கள். அதற்குப் பிறகும் வைத்திருப்பது கட்டாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சட்டவிரோதம். திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாயால் மட்டும் கேட்காதீர்கள். கிடைக்காவிட்டால் இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு அந்த மின்னஞ்சலின் பிரதியோடு போங்கள். வதிவிட அட்டை வந்தவுடன் அதில் அச்சான பதவிப் பெயரையும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் சரிபாருங்கள். தவறிருந்தால் அந்த வாரத்திலேயே மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். தகுதிகாண் காலம் முடிந்தபின் அதைத் திருத்த அவர்களுக்கு அவசரம் இராது.